அப்பா வளர்த்த நிஷாகந்தி வாடுகிறது, காப்பாற்ற முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. திருச்சியில் இருந்த உங்கள் அப்பா மே மாதம் காலமானார். வீட்டைக் காலி செய்தபோது, மொட்டைமாடியில் அவர் பல வருடங்களாக வளர்த்த நிஷாகந்தியை மட்டும் அக்டோபரில் காரில் ஏற்றி பெங்களூருக்குக் கொண்டுவந்தீர்கள். வழியில் மண்தொட்டி விரிசல் விட்டதால், வந்ததும் ஒரு நல்ல பீங்கான் தொட்டிக்கு மாற்றினீர்கள். இப்போது அது உங்கள் ஒன்பதாவது மாடி பால்கனியில் இருக்கிறது. அப்பா செய்த மாதிரியே தினமும் காலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறீர்கள். ஆனாலும் இலைகள் மஞ்சளாகிச் சுருங்கித் தொங்குகின்றன. செடியைக் காப்பாற்ற முடியுமா, ஒரு இலையை வெட்டி வைத்து வளர்த்தால் அதை அப்பாவின் செடி என்று சொல்ல முடியுமா, மீதமிருக்கும் அஸ்தியில் கொஞ்சம் மண்ணில் கலக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் "இதையும் நான் சாகவிட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "இதையும்" என்ற சொல்லைப் படித்த பிறகு மூன்று வரியில் பதில் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

கோவையில் தோட்டக்கலை படித்தேன். 22 வருடங்களாக பெங்களூரில் லால்பாக் பக்கம் நர்சரி வேலை. இத்தனை வருடத்தில் இறந்துபோன அம்மாவின், அப்பாவின், பாட்டியின் செடியைக் கையில் ஏந்திக்கொண்டு கடைக்கு வந்தவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோரிடமும் நான் பார்த்த ஒரு விஷயம் உண்டு. சாதாரணச் செடி என்றால் இரண்டு நாள் மறந்துவிடுவார்கள், அது பிழைத்துக்கொள்ளும். நினைவாக வைத்திருக்கும் செடியை ஒரு நாளும் மறக்கமாட்டார்கள். தினமும் தண்ணீர், வாரம் ஒரு உரம், இடம் மாற்றி இடம் மாற்றி வைப்பது. அந்தச் செடிகள் பெரும்பாலும் வேர் அழுகித்தான் வந்து சேரும்.

உங்கள் செடிக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். காரணம், நீங்கள் எழுதிய இரண்டு விவரங்கள்: இலை சுருங்குகிறது, ஆனால் மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் சுருங்கும் செடியின் மண் வறண்டிருக்கும். மண்ணில் ஈரம் இருந்தும் இலை தாகத்தில் சுருங்குகிறது என்றால், தண்ணீரை மேலே அனுப்ப வேண்டிய வேர் வேலை செய்யவில்லை என்று பொருள். அதைப் பார்த்துச் செடிக்குத் தாகம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். அது இன்னும் கொஞ்சம் அழுகும்.

நிஷாகந்தியைப் பலர் பிரம்ம கமலம் என்றும் சொல்வார்கள். இமயமலையில் பூக்கும் உண்மையான பிரம்ம கமலம் வேறு செடி, உத்தராகண்ட் மாநிலத்தின் மலர் அது. நம் வீட்டுச் செடி மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளிலிருந்து வந்த ஒரு கள்ளி இனம். பாலைவனக் கள்ளி இல்லை, மரக்கிளைகளில் தொற்றி வளரும் கள்ளி. கிளை இடுக்கில் சேரும் மக்கிய சருகுதான் அதற்கு மண். மழை பெய்தால் நனையும், உடனே வடிந்துவிடும், காற்று எப்போதும் வேரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட வேரை ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டியில் தினமும் நனைத்தால் அதற்கு மூச்சு முட்டும். உங்கள் தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அழகுக்காக விற்கும் பீங்கான் தொட்டிகள் பலவற்றில் ஓட்டை இருக்காது, அதனால் முதலில் அதைப் பாருங்கள்.

அப்பா தினமும் ஊற்றினாரே, அவருக்கு மட்டும் எப்படி வளர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. திருச்சியில் கோடையில் 40 டிகிரிக்கு மேல் போகும். மொட்டைமாடித் தளம் கொதிக்கும். சுடுமண் தொட்டி தன் உடம்பு வழியாகவே ஈரத்தை வெளியே விடும். காலையில் ஊற்றியது சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். உங்கள் அப்பாவின் ஒரு சொம்பு அந்த வெயிலுக்கும் அந்தத் தொட்டிக்கும் அளந்த சொம்பு. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரி பக்கம் இறங்கிவிடுகிறது. இந்தக் குளிரில் நிஷாகந்தி ஓய்வில் இருக்கும், தண்ணீர் ரொம்பக் குறைவாகத்தான் குடிக்கும். பளபளப்புப் பூச்சு போட்ட பீங்கான் வழியாக ஈரம் வெளியே போகாது. அதே சொம்பு, அதே காலை நேரம், ஆனால் இங்கே அது அதிகம். அடைமழை நாட்களில் உங்கள் அப்பாவும் ஊற்றாமல்தான் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். செடி வளர்ப்பவர்கள் கை தானாகச் செய்யும் காரியம் அது, யாரிடமும் சொல்லிக்கொண்டு செய்யமாட்டார்கள். அதனால் தண்ணீரை நிறுத்தினால் அவர் பழக்கத்தை விட்டுவிட்டதாக ஆகிவிடுமோ என்று தயங்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. தாய்ச்செடியைத் தொடுவதற்கு முன்னால், இன்றைக்கே, அதிலிருந்து போத்து, அதாவது நடுவதற்கான தண்டுத் துண்டு, எடுத்துவிடுங்கள். நாம் இலை என்று சொல்வது உண்மையில் அதன் தட்டையான தண்டு. மஞ்சளாகாத, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கும் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, சுத்தமான கத்தியால் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். எது அடிப்பக்கம் என்று பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், தலைகீழாக நட்டுவிட்டால் சரியாக வேர் பிடிக்காது. வெட்டியதும் நடக்கூடாது. இதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். நிழலில், காகிதத்தின் மேல், ஐந்து நாள் முதல் ஒரு வாரம் வரை சும்மா கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் போல மூடிக்கொள்ள வேண்டும். பிறகு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம், சின்னச் செங்கல் சில்லு அல்லது பெர்லைட் (லேசான வெள்ளைக் குருணை) சம அளவில் கலந்த கலவையில் இரண்டு விரல் ஆழம் செருகுங்கள். சாயாமல் நிற்க ஒரு குச்சி கட்டுங்கள். முதல் வாரம் தண்ணீர் வேண்டாம், அப்புறம் லேசாகத் தெளித்தால் போதும். மார்ச் வெயில் காலமாக இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். இந்தக் குளிரில் ஒன்றரை மாதம்கூட ஆகலாம். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். மெல்ல இழுத்தால் எதிர்ப்புத் தெரியும், அதுவே அடையாளம்.

போத்தை வெட்டி எடுத்துவைத்த பிறகு, அது வேர் விடும்வரை காத்திருக்காமல், தாய்ச்செடியைத் தொட்டியோடு கவிழ்த்து எடுங்கள். வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும் வேர் நல்ல வேர். கறுத்து, குழகுழவென்று, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வருவது அழுகிய வேர். நாற்றமும் காட்டிக்கொடுக்கும். அழுகியதை எல்லாம் வெட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் நிழலில் ஆறவிட்டு, ஓட்டை உள்ள சின்ன மண்தொட்டியில் மேலே சொன்ன கலவையில் வையுங்கள். பெரிய தொட்டி வேண்டாம், நிஷாகந்திக்கு வேர் நெருக்கமாக இருப்பதே பிடிக்கும். இலை இடுக்குகளில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் துணியால் துடைத்து வேப்பெண்ணெய் கரைசல் தெளிக்கலாம். கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் இடம் சரி, காலை வெயில் ஏற்றது, பிற்பகல் நேர்வெயில் ஆகாது. இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாய்ச்செடி பிழைக்குமா என்பதுதான் இங்கிருந்து சொல்ல முடியாதது. வேரில் பாதி நன்றாக இருந்தால் பிழைக்கும். தண்டின் அடிப்பகுதியே பழுப்பேறி மெத்தென்று ஆகியிருந்தால் பிழைப்பது கஷ்டம். ஆனால் போத்து பிழைக்கும். நிஷாகந்திப் போத்து வேர் விடாமல் போவது அபூர்வம்.

அடுத்து, அது அப்பாவின் செடிதானா என்ற கேள்வி. ஆமாம், அதே செடிதான். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. விதையிலிருந்து வருவது பிள்ளை, தாயும் தந்தையும் கலந்த புது உயிர். போத்திலிருந்து வருவது அப்படியில்லை. மரபணுவில் அது தாய்ச்செடியேதான், வேறு இடத்தில் வேர் விட்டிருக்கிறது, அவ்வளவே. வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துவதுகூட இதைத்தான், பக்கக்கன்று தாய்வாழையின் தொடர்ச்சி. என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. 1895-ல் தென்னாப்பிரிக்காவில் ஒரு காட்டில், பார்க்கப் பனை மாதிரி இருக்கும் சைகட் வகைச் செடி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், எல்லாமே ஆண் தண்டுகள், அதனால் விதை கிடையாது. அதே வகையில் இன்னொன்றை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. உலகத் தோட்டங்களில் இன்று இருக்கும் அந்த வகைச் செடிகள் எல்லாம் அந்த ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தவை. காட்டில் அழிந்துவிட்டது என்று சொல்வார்களே தவிர, செடி அழிந்துவிட்டது என்று சொல்வதில்லை. உங்கள் அப்பாவுக்கும் அந்த நிஷாகந்தி யாரோ கொடுத்த ஒரு இலையாகத்தான் வந்திருக்கும். நம் ஊர்களில் அது கை மாறிக் கை மாறிப் பரவிய செடி. யார் கொடுத்தார்கள் என்று சித்தப்பாவிடமோ பக்கத்து வீட்டிலோ கேட்டுப் பாருங்கள், அவர்கள் மாடியிலும் அதே செடி இருக்கலாம்.

ஆனால் எல்லாச் செடிக்கும் இப்படிச் சொல்ல முடியாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். மணி பிளான்ட், கற்பூரவல்லி, குண்டுமல்லி, கற்றாழை எல்லாம் துண்டாகவோ கன்றாகவோ தொடரக்கூடியவை. துளசியை நாம் பெரும்பாலும் விதையிலிருந்துதான் தொடர்கிறோம், தொட்டியில் அதன் ஆயுளே இரண்டு மூன்று வருடம்தான். கதிரைக் கிள்ளிவிட்டால் கொஞ்சம் நீளும். மனைவி வைத்த துளசி பட்டுப்போனதற்குத் தன்னைத்தானே திட்டிக்கொண்ட ஒரு பெரியவர் அல்சூரிலிருந்து வருவார். "ஐயா, அது ஆயுள் முடிந்து போனது, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை" என்று சொன்னபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பழைய கதிரில் விதை இருந்தது. இப்போது ஒவ்வொரு தையிலும் அவரே விதை எடுத்து விதைக்கிறார். அது அதே செடி இல்லை, அதன் பிள்ளை. அவருக்கு அது தெரியும், அதில் அவருக்குக் குறையில்லை.

ரோஜா இன்னொரு வகை. நர்சரியில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டு. கீழே ஒரு காட்டு ரோஜாவின் வேர், மேலே நாம் விரும்பும் பூவின் கிளை. மேலே உள்ளது பட்டுப்போனாலும் அடிவேர் துளிர்க்கும், நாம் செடி பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம். அம்மாவின் சிவப்பு ரோஜா என்று ஒரு பெண்மணி இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியை என்னிடம் கொண்டுவந்தார். ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது, ஆனால் சிவப்புப் பூ வரவில்லை, வெளுத்த சின்னப் பூக்கள் கொத்தாக வருகின்றன என்றார். இணுக்குக்கு ஏழு இலை இருந்தது. இலையை மட்டும் எண்ணி முடிவு செய்யக்கூடாது, ஏழு இலை விடும் நல்ல ரகங்களும் உண்டு. அதனால் மண்ணைத் தள்ளி ஒட்டு முடிச்சைப் பார்த்தேன், எல்லாத் தளிரும் அதற்குக் கீழிருந்துதான் வந்திருந்தன. சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அம்மா ஊற்றின தண்ணியை இந்த வேர்தானே குடிச்சுது" என்று சொல்லித் தொட்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்கு அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. நான் தாவரவியல் பார்த்துச் சொன்னேன், அவர் தனக்கு எது முக்கியம் என்று பார்த்துச் சொன்னார், இரண்டுமே சரி.

அஸ்தி விஷயம். காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கரைத்தது போக மீதி கொஞ்சம் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சடங்கு பற்றி நான் பேச முடியாது, அதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். செடியின் பக்கத்திலிருந்து சொன்னால், தயவுசெய்து இப்போது கலக்காதீர்கள். மண்ணுக்குப் போனால் உரமாகும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அந்தச் சாம்பல் பெரும்பாலும் எலும்பின் கால்சியம் பாஸ்பேட். அதோடு உப்பும் அதிகம், காரத்தன்மையும் மிக அதிகம். ஒரு கைப்பிடி போட்டாலே சின்னத் தொட்டியில் வேர் கருகிவிடும். நோயில் இருக்கும் வேருக்கு இன்னும் மோசம். மனசுக்காகச் செய்துதான் ஆகவேண்டும் என்றால், செடி தேறி நன்றாக வளர்ந்த பிறகு, ஒரு பெரிய தொட்டியில், இரண்டு விரலால் எடுக்கும் சிட்டிகை அளவு. அதற்கு மேல் வேண்டாம்.

பழைய மண்ணைத் தூக்கிப்போட மனம் வராது என்று தெரியும். அழுகிய வேர் இருந்த மண்ணில் திரும்ப நடக்கூடாது. ஆனால் அதில் ஒரு படி எடுத்து, மொட்டைமாடி வெயிலில் பரப்பி நன்றாகக் காயவைத்து ஒரு டப்பாவில் வையுங்கள். அடுத்த வருடம் வலுவான செடிக்குத் தொட்டி மாற்றும்போது ஒரு கைப்பிடி கலந்துகொள்ளலாம். விரிசல் விட்ட மண்தொட்டியை எறிந்துவிடவில்லை என்றால், கம்பி சுற்றிக் கட்டி அதையே பயன்படுத்தலாம். விரிசல் வழியாகத் தண்ணீர் கசிந்தால் இந்தச் செடிக்கு நல்லதுதான்.

வீட்டில் "ஒரு செடிக்கு இவ்வளவு அழுகையா" என்று கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு, 172-வது பாட்டு. சிறுமிகள் விளையாட்டாக மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது, அதை நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். இது உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் தங்கை என்று அம்மா சொல்கிறாள். பெரியவளான பிறகு, அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச அவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது, தங்கை பார்க்கிறாளே என்று. செடியைக் குடும்பத்து ஆளாக நினைப்பது நம்மிடம் அவ்வளவு பழையது. நீங்கள் அழுவதில் விசித்திரம் எதுவும் இல்லை.

ஆனால் தூக்கம் வராமல் இரவில் எழுந்து எழுந்து செடியைப் பார்க்கிறீர்கள் என்பது எனக்குக் கவலை தருகிறது. அது என் படிப்புக்கு வெளியே உள்ள விஷயம். 14416 என்ற டெலிமானஸ் எண், அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். நம் ஊர் மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ்தான் அதற்கு மைய நிறுவனம். ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். "இதையும் சாகவிட்டுவிட்டேன்" என்று எழுதினீர்களே, உங்கள் அப்பாவின் உடல்நிலை பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் செடியைப் பற்றித் தெரியும். நீங்கள் அதை மறக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஊர் மாறியது, தொட்டி மாறியது, குளிர்காலம் வந்தது, அதற்கு ஏற்றபடி தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நர்சரிக்காரர்களே முதல் வருடத்தில் செய்யும் தவறு இது.

நான்கைந்து போத்து எடுத்தால் எல்லாவற்றையும் உங்கள் பால்கனியிலேயே வைக்காதீர்கள். ஒன்றைச் சித்தப்பாவுக்கு, ஒன்றை உங்கள் மாடியிலேயே செடி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுங்கள். நீங்கள் ஊருக்குப் போகும்போதோ, ஒரு பூச்சி வந்து தாக்கினாலோ, இன்னொரு வீட்டில் அது இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைத்துக் காவல் காப்பதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன்.

பூக்க எவ்வளவு நாள் ஆகும்? முதிர்ந்த தண்டிலிருந்து எடுத்த போத்து இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். தாய்ச்செடி தேறினாலும் இந்த வருடம் எதிர்பார்க்க வேண்டாம். பெங்களூரில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழையை ஒட்டிப் பார்க்கலாம். இலை விளிம்பின் பள்ளத்தில் மொட்டு தொங்கும், கழுத்து வளைந்து மேலே நிமிர்ந்தால் அன்றைக்கோ மறுநாளோ விரியும். இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் திறக்க ஆரம்பித்து நடுநிசியில் முழுதாக விரியும், விடிவதற்குள் தலை தொங்கிவிடும்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். வேரின் நிறம், தண்டின் அடிப்பகுதி மெத்தென்று இருக்கிறதா, தொட்டியில் ஓட்டை இருந்ததா, இந்த மூன்றையும் எழுதுங்கள். முடிந்தால் ஒரு படமும் போடுங்கள். தாய்ச்செடியை என்ன செய்வது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை தண்ணீர் வேண்டாம்.